இடமிருந்து இரண்டாவது தூண்

வெஸ்ட் ஹார்லோ டவுன் ஹாலை முன்னால் நின்று பார்த்தால் கிரேக்கக் கோயில். பின்னால் போய்ப் பார்த்தால் மாட்டுக் கொட்டகை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், எங்கள் வெர்மான்ட் பக்கத்துக் கஞ்சத்தனம் அப்படி. நூறு வருஷத்துக்கு முன்னால் ஊரார் சேர்ந்து அதைக் கட்டியபோது ஒருவரும் கிரேக்க நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. தச்சன் கையில் ஒரு படப் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்து நாலு பெரிய தூண், தூண்களுக்கு மேல் உத்தரம், உத்தரத்துக்கு மேல் முக்கோண முகப்பு, எல்லாவற்றையும் பைன் மரத்திலேயே செய்தான். வெள்ளைப் பெயின்ட் ஈரமாயிருக்கும்போதே மணலை வாரி இறைத்துக் கல் மாதிரி ஆக்கிவிட்டான். பின்பக்கம் தெருவிலிருந்து தெரியாதே, அதற்கு எதற்குச் செலவு என்று வெறும் பலகை அடித்து விட்டுவிட்டார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் எங்கள் ஊருக்கு வந்தால் நாலு தூணும் சலவைக்கல் என்று சத்தியம் செய்வான். தட்டிப் பார்த்தால்தான் தெரியும், பீப்பாய் மாதிரி பலகைகளைச் சேர்த்துச் செய்தது, உள்ளே காலி.

இந்த ஹாலைப் பெருக்குகிறவள், குளிர்காய அடுப்பு மூட்டுகிறவள், பெயின்ட் அடிக்கிறவள் எல்லாம் ஆர்ஃபா வீலாக் ஒருத்திதான். மலைமேல் கல்லும் புதருமாய்க் கிடந்த பண்ணையில் பிறந்தவள். சின்ன வயதில் அவளுடைய அப்பா ஊர்க் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, இந்தத் தூண்களுக்குக் கீழே நின்று பூட்ஸ் சேற்றைத் தேய்த்துக்கொண்டே, "பாத்துக்கோ, நம்மகிட்ட இருக்கிற வீட்டுலயே பெரிய வீடு இதுதான்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரோ என்னமோ, பெண் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஹாலில் நடந்த ஒரு நடனத்தில்தான் மெரில் வீலாக் அவள் கையைப் பிடித்தான். கல்யாண விருந்தும் இங்கேதான். மரம் வெட்டப் போன இடத்தில் மரம் சாய்ந்து அவன் செத்தபோது ஊர் கூடி அழுததும் இங்கேதான். தனியாக நின்றவளுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று ஊர்க் கூட்டம் சாவியை அவளிடம் கொடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச் மாதமும் கூட்டத் தலைவர் "ஹாலுக்கு ஆர்ஃபாதானே?" என்பார், எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு தீர்மானத்துக்கு "ஆமாம்" என்றும் "இல்லை" என்றும் கத்துவோம். எந்தச் சத்தம் பெரிது என்று தலைவருக்குப் பிடிபடாவிட்டால், ஆமாம் என்கிறவர்கள் எல்லோரும் முன்வாசல் வழியே போர்டிகோ என்கிற முன்மண்டபத்துக்குப் போய்த் தூண்களுக்கு நடுவே நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வரும்போது வாசலில் நிற்பவர் தோளைத் தொட்டு எண்ணுவார். பக்கத்து ஊர்க்காரர்கள் கையைத் தூக்கச் சொல்லி எண்ணிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். எங்கள் ஆட்களுக்குக் கையில் நம்பிக்கை கிடையாது. எவனாவது இரண்டு கையையும் தூக்கிவிட்டால்? அதனால் ஆளையே தொட்டுத்தான் எண்ணுவோம். எண்ணுகிறவருக்கு அந்த ஓட்டில் பங்கில்லை. எண்ணுகிறவள் ஆர்ஃபா. இத்தனை வருஷத்தில் அவள் கூட்டத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

தூண்களின் அடியில் தச்சன் சின்னச் சின்னத் துவாரங்கள் விட்டிருந்தான். கீழே நுழைகிற காற்று மேலே பரண் வழியாக வெளியே போகும். தூண் உள்ளே ஈரமில்லாமல் இருக்கும். அது அவனுக்குத் தெரிந்தது, அவனோடு போயிற்று. சில வருஷங்களுக்கு முன்னால் ஸ்ட்ராபெர்ரி விருந்து நாளில் அந்தத் துவாரங்களிலிருந்து குளவிகள் கிளம்பிப் பாதிரியாரின் மனைவியைக் கொட்டிவிட்டன. அந்த அம்மாளுடைய உதடு வீங்கிய வீக்கத்தில் ஊரே ஆடிப்போனது. அடுத்த கூட்டத்தில் துவாரங்களைச் சிமென்ட் வைத்து அடைக்கத் தீர்மானம் வந்தது, ஏகமனதாக நிறைவேறியது. ஏன் ஓட்டை விட்டான் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே கழுத்தை நெரித்தோம். அடைத்தவள் ஆர்ஃபா, வெகு நேர்த்தியாக அடைத்தாள்.

போன அக்டோபரில் அவள் தூண்களுக்குப் பெயின்ட் அடிக்க வந்தாள். இடமிருந்து இரண்டாவது தூணின் அடியில் பழைய பெயின்டைச் சுரண்டினாள். சுரண்டுகிற தகடு பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் ஈரக் காபித்தூள் மாதிரி மரம் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த வாரம்தான் ஏசா கோல்பர்ன் ஊர்க் கடையில் உட்கார்ந்து புதுப் பேச்சை ஆரம்பித்திருந்தான். ஏசா பெரிய பால் பண்ணைக்காரன், கெட்டவன் இல்லை, ஆனால் காசுக்குக் கணக்குப் பார்க்கிறவன். கூரை ஒழுகுகிறது, அடுப்பு விறகைத் தின்கிறது, இடித்துத் தள்ளிவிட்டுத் தகரக் கட்டடம் ஒன்று போட்டுவிடலாம் என்றான். பாதி ஊர் தலையாட்டியது. இந்த நேரத்தில் தூணும் உளுத்துவிட்டது என்று தெரிந்தால் மீதிப் பாதியும் ஆட்டிவிடும். ஆர்ஃபா ஓட்டையில் பெயின்டர்கள் பூசுகிற பட்டி மாவைத் திணித்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து, ஈரத்தில் மணலும் தூவினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மார்ச்சில் ஓட்டு முடியட்டும், ஹால் தப்பிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு ஊர்ப் பிள்ளைகள் போர்டிகோவில் நின்று பாடியபோது ஒரு பாட்டும் அவள் காதில் ஏறவில்லை. உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்ட நாளும் வந்தது. இரண்டு நாளாகக் கொட்டிய பனிமேல் காலையில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் குடித்த பனி போர்டிகோக் கூரையில் அப்பிக் கிடந்தது. ஆர்ஃபா முன்கதவைத் திறந்து பார்த்தாள். மேலே இடித்தது. தோளால் முட்டினால்தான் அசைந்தது. முந்தின நாள் இடிக்கவில்லை. போர்டிகோவின் உத்தரம் கதவுச் சுவரோடு பிணைந்தது. அது இறங்கினால்தான் கதவு இடிக்கும். உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுற்றிப்போனாள், சமையலறைக் கதவுக்குப் பாதை வெட்டினாள். வெட்டிய பனியையெல்லாம் முன்படிகளில் கொண்டுவந்து குவித்தாள்.

கூட்டத் தலைவர் லேமன் டட்டன் வந்து படியைப் பார்த்தார்.

"என்ன ஆர்ஃபா, எல்லாரும் வாசப்படில இருக்கிற பனியை எடுப்பாங்க, நீ கொண்டுவந்து வைக்கிற?"

"கதவு ஒட்டிக்கிச்சு. சமையக்கட்டு வழியா வாங்க."

"சமையக்கட்டு வழியா வந்தா நம்மாளுங்க மீட்டிங்குக்கு எங்க வரப்போறாங்க? பீன்ஸ் சட்டிகிட்டயே உக்காந்துருவானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர், எதையும் துருவமாட்டார்.

ஜனங்கள் பூட்ஸை உதறிக்கொண்டு, சமையலறை அடுப்பில் இருந்த பீன்ஸையும் டோனட்டையும் மோந்துகொண்டு உள்ளே வந்தார்கள். ஹால் நிறைந்துவிட்டது. வழக்கம்போல் ரோடு, பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் முடிந்து, ஹாலை வைத்துக்கொண்டு பழுது பார்ப்பதா என்ற தீர்மானம் வந்தது. ஆமாம் என்றால் ஹால் நிற்கும். இல்லை என்றால் கோடையில் இடிப்பு. ஆர்ஃபா பூட்டிய முன்கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வெளியே மழை விழுகிற சத்தம் அவள் முதுகுக்குக் கேட்டது.

ஏசா எழுந்தான். "தலைவரே, என் மாடுங்க இதைவிடக் கதகதப்பா படுத்துருக்கு. நாம குளிர்ல நடுங்கிக்கிட்டு ஓட்டுப் போடறோம். எதுக்கு? முன்னாடி நாலு தூண் இருக்குங்கிறதுக்கா? தூணு நமக்குப் பால் கறக்குதா?"

சிரிப்பு எழுந்தது. பதில் சொல்ல எழுந்தவள் நெட்டி பிராகெட். சின்ன வயதுக்காரி, இடுப்பில் கைக்குழந்தை, பெரிய பெண் பக்கத்தில். "தலைவரே, ஏசாகிட்ட சொல்லுங்க, அவரு தாத்தாவும் என் கொள்ளுத்தாத்தாவும் சேர்ந்து தூக்கி நிறுத்தின தூணு அது. காசில்லாத பயலுங்க, தங்களைப் பெரிய மனுசனா நெனச்சுக் கட்டினாங்க. தகரக் கொட்டாய்ல உக்காந்தா நாம நம்மளை என்னன்னு நெனப்போம்? அந்தத் தூணுக்கு ஒரு கேடும் இல்ல. நம்மளவிட நல்லா நிக்குது."

கைதட்டினார்கள். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் ஆர்ஃபாவின் கன்னத்தில் விழுந்தது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அன்றைக்கு அது ஆர்ஃபாதான். ஹால் ஜெயிக்கப் போகிறது, இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்று ஒரு மனசு. சத்த ஓட்டிலேயே முடிந்துவிட வேண்டுமே கடவுளே என்று இன்னொரு மனசு.

"ஆமாம்ங்கிறவங்க?" என்றார் லேமன். ஹால் அதிர்ந்தது. "இல்லைங்கிறவங்க?" மறுபடியும் அதே அளவுக்கு அதிர்ந்தது. லேமன் காதைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குப் பிடிபடல. எண்ணிருவோம். ஆமாம்ங்கிறவங்க வெளிய போங்கப்பா. ஆர்ஃபா, கதவைத் தொற."

ஹாலைக் காப்பாற்ற நினைத்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அதைப் பாருங்கள் கொடுமையை. இடிக்கச் சொன்னவர்கள் அடுப்புப் பக்கம் பத்திரமாக உட்கார்ந்திருக்க, வேண்டும் என்றவர்கள்தான் அந்தத் தூணுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். நெட்டி கைக்குழந்தைக்குத் தொப்பியை இழுத்துவிட்டு, பெரிய பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்தாள்.

"சமையக்கட்டு வழியா போங்க" என்றாள் ஆர்ஃபா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சமையக்கட்டு வழியா எப்பிடி எண்ணுவாங்க? முன்வாசல்தான் முறை" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். இரண்டு ஆட்கள் முன்னால் வந்தார்கள். "நீ நகரு, நாங்க முட்டித் தொறக்கறோம்." ஒருவன் அவள் தலைக்கு மேலே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுக் கதவைத் தோளால் இடித்தான். வெளியே மேலிருந்து மரம் முனகியது. நீளமாக ஒரு முனகல். ஆர்ஃபாவைத் தவிர யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

அவள் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தாள்.

"யாரும் போகாதீங்க. தூணு உளுத்துப் போச்சு."

எண்ணுகிறவள் கூட்டத்துக்குக் கேட்கும்படி பேசியது அதுதான் முதல் தடவை.

"எந்தத் தூணு?" என்றார் லேமன்.

"எடமிருந்து ரெண்டாவது. அடில மரமே இல்ல. நான் பட்டி வெச்சு அடைச்சிருக்கேன். மேல இப்ப ஈரப்பனி. கதவு இடிக்குது, உத்தரம் எறங்குது. கீழ யாராவது நின்னா..."

ஏசா எழுந்து சமையலறை வழியே வெளியே போனான். எல்லோரும் ஜன்னல்களில் மொய்த்தார்கள். அவன் போர்டிகோவின் ஓரத்திலிருந்து எக்கி, பாக்கெட் கத்தியைத் திறந்து தூணின் அடியில் குத்தினான். கத்தி மறைந்தது. திரும்பி வந்து பூட்ஸைத் துடைத்தான். அவனுக்கு இது பொன்னான நேரம். ஒரு வார்த்தை ஊதிவிட்டிருந்தால் ஹால் அன்றைக்கே காலி.

"தலைவரே, அவ சொல்றது நெசம். அடி மோசம். ஆனா முட்டி உயரத்துக்குத்தான். அதுக்கு மேல மரம் இரும்பாட்டம் இருக்கு. என் கொட்டாய்ல இந்த மாதிரி தூணை அடியில அறுத்துட்டுப் புது மரம் ஒட்டுப் போட்டுருக்கேன். முடியாத காரியம் இல்ல." உட்காரப் போனவன் நிமிர்ந்தான். "நான் இல்லைன்னுதான் போடுவேன். ஆனா தூணுக்காக இல்ல, விறகுக்காக. அதை எழுதிக்கோங்க."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். நெட்டி மட்டும் அசையவில்லை. அவள் ஆர்ஃபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேந்து தெரியும்?"

"நெட்டி..."

"எப்பலேந்து தெரியும்னு கேட்டேன்."

"பெயின்ட் அடிச்சப்போ. அக்டோபர்ல."

"கிறிஸ்துமஸுக்கு என் பொண்ணு அந்தத் தூணுல சாஞ்சுக்கிட்டுதான் பாடினா."

"தெரியும்" என்றாள் ஆர்ஃபா. "பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

நெட்டி பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அடுப்புப் பக்கம், இல்லை என்கிறவர்களோடு உட்கார்ந்தாள். ஹாலுக்காக அவ்வளவு பேசியவள். அவளைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்தால் சொல்லிக்கொள்ளுங்கள்.

"ஓட்டு பாக்கி இருக்கு" என்றார் லேமன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "ஆமாம்ங்கிறவங்க சமையக்கட்டு வழியா வெளிய போய், பனியில தள்ளி நில்லுங்க. அதே கதவு வழியா உள்ள வாங்க. முறை இன்னைக்கு ஒருநாள் பின்வாசல்ல நடக்கட்டும்."

முழங்கால் பனி, மேலே மழை, உளுத்த தூண். யார் போவார்கள்? ஆர்ஃபா சமையலறைக் கதவருகே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒரு கிழவர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். பிறகு இரண்டு பேர். பிறகு பெஞ்சுகள் தள்ளப்படும் சத்தம் நிற்காமல் கேட்டது. திரும்பி உள்ளே வந்தபோது ஒவ்வொருவர் தோளையும் அவள் தொட்டாள். எல்லாத் தோளும் நனைந்திருந்தன. வழக்கமாகத் தொடும்போது ஏதாவது கிண்டல் வரும், "அழுத்தாதே, உடைஞ்சுருவேன்" என்பார்கள். அன்றைக்கு ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சில தலைகள் கூடுதலில் ஹால் ஜெயித்தது. யாரும் கைதட்டவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் வேலைகளுக்கு ஆள் நியமிக்கும் நேரம் வந்தது. லேமன் வாய்ப்பழக்கத்தில், "ஹாலுக்கு ஆர்ஃபாதானே?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு குரலும் எழவில்லை. ஹாலுக்காகப் பனியில் நனைந்தவர்களே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கட்டடத்தின்மேல் நம்பிக்கை இருந்தது, அவள்மேல் போய்விட்டது. ஆர்ஃபா அழவில்லை. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள், நடந்துபோய்த் தலைவரின் மேஜையில் வைத்தாள்.

"யாராவது எடுத்துக்கணும்ல" என்றார் லேமன் மெதுவாக.

நெட்டி எழுந்து வந்து சாவியை எடுத்துக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன். என் புள்ளைங்க வர்ற எடம்."

பொழுது சாய்வதற்குள் ஏசா டிராக்டரில், கொட்டகையைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கிகளைக் கொண்டுவந்து இறக்கினான். அவனுடைய ஆட்கள் ஏணி வைத்துப் போர்டிகோக் கூரையின் பனியைத் தள்ளி, முன்படிகளில் குவிந்ததையும் வெட்டி எடுத்திருந்தார்கள். இரண்டாவது தூணுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் தடித்த மரங்களை நிறுத்தி, அடியில் ஜாக்கியை வைத்தான். ஆர்ஃபா தெருவில் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

"அங்க நின்னு என்ன பண்ற? உள்ள போய்க் கதவைப் பிடி" என்றான் ஏசா. "உத்தரம் ஏறுதான்னு எனக்கு இங்கேருந்து தெரியாது. கதவு சொல்லும்."

அவள் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைப் பிடித்தாள். அவன் ஜாக்கியைத் திருகினான்.

"இப்போ?"

"இடிக்குது."

"இப்போ?"

"இன்னும் இடிக்குது. மேல, வலது மூலையில."

தூண் முனகியது. ஏசா நிறுத்தி, அடங்கினதும் மறுபடி திருகினான். நெட்டி சாவியோடு உள்ளே வந்து நின்றதை ஆர்ஃபா அப்போதுதான் பார்த்தாள்.

"இப்போ?" என்று ஏசா கத்தினான்.

ஆர்ஃபா கதவைத் தள்ளினாள். ஒரு விரலுக்கே அகலத் திறந்துகொண்டது. "போகுது" என்றாள்.

அவள் படியிறங்கி வெளியே வந்தாள். பின்னாலேயே நெட்டி வந்து கதவைச் சாத்திச் சாவியைத் துவாரத்தில் விட்டாள். ஆர்ஃபா திரும்பினாள். "நெட்டி, இந்தக் கதவு பழசு. கொஞ்சம் தூக்கி, உன் பக்கமா இழுத்துக்கிட்டே..."

அதற்குள் சாவி லேசாகத் திரும்பி, பூட்டு விழுந்துவிட்டது. நெட்டி சாவியை உருவி இடுப்பில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலைல அடுப்பை எப்பிடி மூட்டணும்?" என்று கேட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

"அடுப்புக்கு அடியில இருக்கிற சின்னக் கதவைத் தொறந்து வெச்சுட்டு மூட்டு" என்றாள் ஆர்ஃபா. "காத்து போகணும்."